முந்த இடமில்லாத இடத்தில் முந்தக் கூடாது: நடைபாதை விதிகளை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் நடைபாதை விதிகளை எழுதும், திருத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

என் மனைவியின் வலது மணிக்கட்டு ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தது. கட்டுப் பிரித்த அன்று கையில் கொடுத்த தாளில், காயத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'கீழே விழுந்தார்' என்று போட்டிருந்தது. அவளாக விழவில்லை. அந்த ஒரு வரிதான் என்னை இந்த மடல் எழுத உட்கார வைத்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை. ஈரச்சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, தள்ளுவண்டிப் பையை இழுத்தபடி, கூரை போட்ட நடைபாதையில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை நோக்கி வந்துகொண்டிருந்தாள். எங்கள் பேட்டையான பிடோக்கில் நாற்பது வருடமாக அவள் நடக்கும் பாதை அது. பின்னால் சைக்கிள் மணிச் சத்தம். கேட்டதும் ஒதுங்கினாள். அவள் ஒதுங்கிய பக்கம்தான் சைக்கிளும் வந்தது. கைப்பிடி பையின் பிடியில் மாட்டியது. பை ஒரு பக்கம், முருங்கைக்காய் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். விழும்போது கையை ஊன்றியிருக்கிறாள். 66 வயது எலும்பு அதைத் தாங்கவில்லை.

சைக்கிளில் வந்த பையன் கெட்டவன் இல்லை. உடனே இறங்கினான். முதுகில் சாப்பாடு கொண்டுபோகும் பெட்டி. மூன்று முறை "சாரி ஆண்ட்டி" சொன்னானாம். பொருள்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தானாம். அதற்குள் அவன் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. என் மனைவிக்கு யாரைப் பார்த்தாலும் வாயில் வருவது பாசார் மலாய்தான், அதாவது சந்தைப் பேச்சு மலாய். "தாக் அப்பா, தாக் அப்பா" (பரவாயில்லை, பரவாயில்லை) என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். சாப்பாடு ஆறிவிடும் என்று கவலைப்பட்டிருக்கிறாள். மின்தூக்கியில் ஏறிய பிறகுதான் கை வீங்குவதைப் பார்த்தாளாம்.

பெயர் தெரியாது. சைக்கிளில் எண் கிடையாது. புகார் செய்ய ஆள் இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "வேகமா வரலை" என்று அவளே சொல்கிறாள். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் என்பதுதான் உங்கள் வரம்பு. அவன் அந்த வரம்புக்குள்தான் வந்திருப்பான் என்று நானும் நம்புகிறேன். அப்படியானால் விதி மீறப்படவில்லை. யாரும் குற்றம் செய்யவில்லை. ஆனாலும் ஒரு கை உடைந்தது. விதி அப்படியே கடைப்பிடிக்கப்பட்ட இடத்தில் ஒரு மனுஷி அடிபட்டால், பிழை விதியில் இருக்கிறதா, இல்லையா? இதுதான் என் கேள்வி.

ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி என்றார்கள். சுற்றுக்காவல் கூட்டப்படும், ஒருவரையொருவர் அனுசரித்துப் போகும்படி அறிவிப்புப் பதாகைகள் வைக்கப்படும் என்றார்கள். பதாகை வந்தது. நடைபாதையின் ஓரத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். இருந்த அகலத்தில் அது கொஞ்சத்தை எடுத்துக்கொண்டது.

நான் யார் என்று சொல்லவில்லை. 29 வருடம் பேருந்து ஓட்டியவன். அதனால் சைக்கிளோட்டிகள் மேல் எனக்கு வெறுப்பு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் ஏன் நடைபாதைக்கு ஓடிவருகிறார்கள் என்று என்னைப்போல் தெரிந்தவர்கள் குறைவு. 12 மீட்டர் நீளப் பேருந்தை நிறுத்தத்துக்குள் கொண்டுவரும்போது, இடது ஓரத்தில் ஒரு சைக்கிள் இருந்தால் அந்த ஆளின் நிலைமை என்ன? பேருந்து ஒரு பக்கம், சாலைக் கரை ஒரு பக்கம். கண்ணாடியில் அவர் முகம் தெரியும். அந்த முகங்களில் சில இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. பின்னால் லாரி ஹாரன் அடிக்க, நடுங்கிக்கொண்டே மிதித்த வெளிநாட்டு ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சாலைக்குப் போ என்று விரட்ட எனக்கு வாய் வராது. ஆகவே, நடைபாதையில் சைக்கிளே கூடாது என்று கேட்கும் மடல் இல்லை இது. அதைவிடச் சின்னதாக ஒன்றைக் கேட்கிறேன். ஆனால் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஓட்டுநர் பயிற்சியில் முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: முந்த இடமில்லாத இடத்தில் முந்தக் கூடாது. முன்னால் போகிற வண்டி எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி, உனக்கு நேரமானாலும் சரி, இடம் இல்லை என்றால் பின்னாலேயே வா. சாலையில் இருக்கும் இந்தப் பாலபாடம் நடைபாதையில் மட்டும் எப்படி இல்லாமல் போனது?

மாவுக்கட்டுப் போட்ட மறுவாரம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். அக்கம்பக்கத்தார் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். அவள் விழுந்த இடத்தில் பாதையின் அகலம் 147 சென்டிமீட்டர். வீட்டுக்கு வந்து பேரனின் சைக்கிள் கைப்பிடியை அளந்தேன்: 60. தள்ளுவண்டிப் பையோடு என் மனைவியை நிற்கவைத்து அளந்தேன்: 70. கூட்டிக் கழித்தால் மிச்சம் 17 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. அதுவும் அவள் பாதையின் ஓரத்தை ஒட்டி, ஆடாமல் அசையாமல், நேர்க்கோட்டில் நடந்தால்தான். சந்தையிலிருந்து வருகிறவர்கள் நேர்க்கோட்டில் நடப்பதில்லை. எதிரே தெரிந்தவர் வந்தால் நிற்பார்கள், மீன் விலை பேசுவார்கள், பையைக் கை மாற்றுவார்கள். நடைபாதை என்பது அதற்கும் சேர்த்துத்தானே?

இப்போது சாலைக்கு வாருங்கள். சைக்கிளை முந்தும் கார்கள் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது 2022 முதல் ஓட்டுநர்களுக்கான வழிகாட்டி. நல்ல வழிகாட்டி. சைக்கிளோட்டியும் ஓர் உயிர்தான், பக்கத்தில் உரசிப்போனால் தடுமாறுவார் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். அதே சைக்கிளோட்டி நடைபாதைக்கு வந்து நடப்பவரை முந்தும்போது எவ்வளவு இடைவெளி விடவேண்டும்? வேகத்துக்குத்தான் எண் இருக்கிறது, இடைவெளிக்கு இல்லை. பழைய பேட்டைகளில் பல நடைபாதைகளின் மொத்த அகலமே அந்த 1.5 மீட்டர்தான். காருக்கும் சைக்கிளுக்கும் நடுவே வெறுமனே விடவேண்டிய காற்றுக்குள், நடப்பவரையும் சைக்கிளையும் சேர்த்து அடைத்துவிட்டு, அனுசரித்துப் போங்கள் என்கிறோம்.

வேகத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் நம்புவது ஏன் என்றும் எனக்குத் தெரிகிறது. வேகம் ஓர் எண். சட்டத்தில் எழுதலாம், கருவி வைத்துப் பிடிக்கலாம். 2018 மே மாதம் புதுச் சட்டம் நடப்புக்கு வந்தபோது நடைபாதை வரம்பு 15 கிலோமீட்டர். 2019 பிப்ரவரியில் 10 ஆக்கினீர்கள். ஆனால் அந்தப் பையனின் சைக்கிளில் வேகமானி இருந்திருக்குமா? பெரும்பாலான சைக்கிள்களில் கிடையாது. தன் வேகம் 9 ஆ 13 ஆ என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. சரி, 10 என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. என் மனைவி நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பாள், முழங்கால் வலி இல்லாத நாளில். மணிச் சத்தம் கேட்டு, எங்கிருந்து வருகிறது என்று புரிந்து, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவெடுத்து, கால் அசைவதற்குள் சைக்கிள் வந்துசேர்ந்துவிடும்.

மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணி அடிப்பது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்பவருக்கு அது 'எக்ஸ்கியூஸ் மீ'. கேட்பவருக்கு அது 'தள்ளிப் போ'. எங்கள் பேட்டையில் நடப்பவர்கள் இப்போது மணிச் சத்தத்துக்குப் பழக்கப்பட்டுவிட்டார்கள், கேட்டதும் புல்லில் இறங்கி நிற்கிறார்கள். மழை நாளில் சேற்றில். நடைபாதை யாருக்காகப் போடப்பட்டதோ அவர்கள் புல்லில் நிற்கிறார்கள். காது மந்தமானவர்கள் இறங்குவதில்லை, அவர்களுக்குத் திட்டு கிடைக்கிறது.

2025 ஜூலை 1 முதல் நீங்கள் கொண்டுவந்த மாற்றத்தை நான் வரவேற்றேன். சைக்கிள் பாதையை ஒட்டியிருக்கும் நடைபாதை, நடப்பவர்களுக்கு மட்டுமே. மீறினால் 2,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். செய்தியைப் படித்துவிட்டு மனைவியிடம் "விடிவு வந்துவிட்டது" என்றுகூடச் சொன்னேன். அப்புறம்தான் புரிந்தது, பக்கத்திலேயே செந்நிறச் சைக்கிள் பாதை போட்டிருக்கும் இடத்துக்குத்தான் அந்த விதி. அதாவது, ஏற்கெனவே இடம் தாராளமாக இருக்கும் இடத்துக்கு. சைக்கிள் பாதை போட இடமே இல்லாத பழைய புளோக்குகளுக்கு நடுவில், சந்தைக்கும் பலதுறை மருந்தகத்துக்கும் (பாலிகிளினிக்) போகும் ஒடுங்கிய பாதைகளில், எதுவும் மாறவில்லை. எங்கே நெருக்கடி அதிகமோ அங்கே பாதுகாப்பு குறைவு. 2030க்குள் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்ற இலக்கை அறிவேன். அது முழுசாக வந்தாலும் எங்கள் சந்தைப் பாதை 147 சென்டிமீட்டராகவேதான் இருக்கும். இரண்டு பக்கமும் கட்டடம்.

இந்த விதிகள் எப்படி வளர்ந்தன என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டினால் அபராதம். 2007ல் தெம்பனிஸ் பேட்டையில் சோதனை முயற்சி. 2010ல் அங்கே மட்டும் அனுமதி. அப்போது தொண்டூழியர்கள் நின்று சைக்கிளோட்டிகளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள். மெதுவாக, பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். 2017ல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது, மறு ஆண்டு தீவு முழுக்க நடைபாதைகள் சைக்கிள்களுக்கும், நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

2019 செப்டம்பரில் எங்கள் பிடோக்கில் ஒரு மாது மின்ஸ்கூட்டரோடு மோதி, சில நாளில் இறந்துபோனார். 65 வயது. அவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர். சைக்கிளோட்டியும் தன்னைவிட வேகமான ஒன்றின் முன் நடப்பவரைப் போலத்தான் என்பதை அந்த வாரம் எங்கள் பேட்டை முழுக்கப் பேசிக்கொண்டது. நவம்பர் 4 அன்று நாடாளுமன்றத்தில் அறிவிப்பு, நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை. ஒரே நாள். ஆறுமாதக் கலந்தாலோசனை இல்லை. மின்ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்ப் பிழைத்தவர்கள் தவித்தார்கள். அவர்கள் வேறு வண்டிக்கு மாற 7 மில்லியன் வெள்ளி மானியத் திட்டமும் வந்தது. முடிவெடுக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் உங்களால் எடுக்க முடியும். அதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் கேட்கிறேன். ஒருவர் சாக வேண்டியிருந்தது என்பதையும் மறக்காமல்தான் கேட்கிறேன்.

அன்றைக்கு மின்ஸ்கூட்டரை விட்டவர்களில் பலர் சைக்கிளுக்கு மாறினார்கள். இன்னும் சிலர் மின்சைக்கிளுக்கு. மின்சைக்கிளுக்கு நடைபாதையில் அனுமதியே இல்லை என்பது சட்டம். ஆரஞ்சு நிற அனுமதி முத்திரையோடு அவை எங்கள் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தைக் கடந்து போவது நடைமுறை. அந்த ஓட்டுநர்களை நிறுத்திப் பேசியிருக்கிறேன். ஒருவர் சொன்னார்: "அங்கிள், இறங்கித் தள்ளினா ரெண்டு நிமிஷம் போகும். ஒரு நாளைக்கு இருபது ஆர்டர். நாப்பது நிமிஷம் யார் குடுப்பா?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது நானும் இல்லை, அவரும் இல்லை. அந்த நேரக் கணக்கைப் போடும் நிறுவனங்கள். அபராதம் மட்டும் எப்போதும் மிதிக்கிறவர் தலையில்.

பேருந்து நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, அது என் தொழிலிடம். நிழற்குடைக்குப் பின்னால் பாதை போகும் புது நிறுத்தங்கள் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் இருக்கும் பழைய நிறுத்தத்தில் பாதை நிழற்குடைக்கு உள்ளேயே போகிறது, இருக்கைக்கும் சாலைக் கரைக்கும் நடுவில். பேருந்துக் கதவு திறக்கும். இறங்குகிறவரின் கண் எங்கே இருக்கும்? படியில். கால் எங்கே விழும்? சைக்கிள் வரும் தடத்தில். கதவைத் திறக்கும் பொத்தான் என் கையில் இருந்த காலத்தில், இடப்பக்கக் கண்ணாடியில் சைக்கிள் தெரிந்தால் கதவைத் திறக்காமல் ஒரு மூச்சு காத்திருப்பேன். உள்ளே இருப்பவர்கள் "அங்கிள், டோர்!" என்று கத்துவார்கள். அவர்களுக்கு எதற்கு என்று தெரியாது. அந்தக் கண்ணாடியில் எல்லாமும் தெரியாது என்பதுதான் எனக்குப் பயம்.

போன மாதம் ஒரு மாலை அந்த நிறுத்தத்தில் உட்கார்ந்து, நிழற்குடைக்குள் வரும் சைக்கிள்களை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே என் வயதுக்காரர்கள். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார், அவருக்குத் தெரியும்.

நடைபாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களே, உங்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். என் பேரனும் உங்களில் ஒருவன், பன்னிரண்டு வயது. சாலையில் விட எனக்குத் தைரியம் இல்லை. அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: முன்னால் ஆள் இருந்தால் மணி அடிக்காதே, இறங்கு. "தாத்தா, யாருமே இறங்கறது இல்ல" என்கிறான். உண்மைதான். அவன் இறங்குகிறான், மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போகிறார்கள். விதி இல்லாத இடத்தில் நல்ல பிள்ளையாக இருப்பது பன்னிரண்டு வயதில் எவ்வளவு காலம் நடக்கும் என்று எனக்கே சந்தேகம்.

முடியாததைக் கேட்கிறேன் என்று நினைத்தால் ஜப்பானைப் பாருங்கள். 1970ல் அவர்களும் சாலை விபத்துக்குப் பயந்து சைக்கிளை நடைபாதைக்கு ஏற்றினார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அந்த முடிச்சை அவிழ்க்கப் பாடுபடுகிறார்கள். ஆனால் அவர்கள் சட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கும் விஷயங்களைக் கேளுங்கள். அடையாளப் பலகை உள்ள நடைபாதைகளைத் தவிர்த்தால், நடைபாதையில் ஓட்ட அனுமதி 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும், 70 வயதானவர்களுக்கும், உடற்குறை உள்ளவர்களுக்கும், சாலை உண்மையிலேயே ஆபத்தாக இருக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கும். ஓட்டுகிறவர் உடனே நிற்கக்கூடிய வேகத்தில் போகவேண்டும். நடப்பவருக்கு இடைஞ்சல் ஆகும் என்றால் நின்றுவிட வேண்டும். ஆபத்து இல்லாதபோது, ஒதுங்கச் சொல்லி மணி அடிப்பதே தவறு. எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் யார் நிற்கவேண்டும் என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. சைக்கிள்தான் நிற்கவேண்டும்.

இன்னொன்று. இந்த நாட்டில் 2030ல் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று நீங்களே சொல்கிறீர்கள். தினமும் நடங்கள், வீட்டில் முடங்காதீர்கள் என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறீர்கள். நடந்தால் வெகுமதிப் புள்ளிகூடத் தருகிறீர்கள். என் மனைவி கட்டுப் பிரித்து இரண்டு மாதமாகிறது. இன்னும் தனியாகச் சந்தைக்குப் போகவில்லை. கை சரியாகிவிட்டது. பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால் நின்று, சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். கொண்டை போட முடியாத ஆறு வாரமும் நான்தான் போட்டுவிட்டேன், கோணலாக. அதைச் சொல்லிச் சிரிப்பாள். சுவரோடு ஒட்டிக்கொள்வதைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

கேட்பவற்றைக் கேட்டுவிடுகிறேன்.

முதலாவது, முந்துவதற்கு விதி எழுதுங்கள். சைக்கிள் பாதை இல்லாத, குறுகலான நடைபாதையில், முன்னால் நடப்பவர் இருந்தால் ஏறி உட்கார்ந்தபடி அவரை முந்தக் கூடாது. பின்னாலேயே வரவேண்டும், அல்லது இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கவேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் ஓட்டட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. எது குறுகல் என்பதை நீங்கள் மீட்டரில் சொல்லுங்கள். 1.8 என்று நான் சொல்வேன், உங்கள் பொறியாளர்கள் வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஓர் எண் வேண்டும்.

பேருந்து நிழற்குடைக்குள், புளோக்குகளின் கீழ்த்தளத்தில், ஈரச்சந்தை, பலதுறை மருந்தகம், மூத்தோர் நிலைய வாசல்களில் எந்த நேரமானாலும் இறங்கித் தள்ளுவதைக் கட்டாயமாக்குங்கள். சில இடங்களில் இப்போதே இருக்கிறது, சில இடங்களில் வேண்டுகோளாக இருக்கிறது, பல இடங்களில் ஒன்றுமே இல்லை. எங்கே எது என்று ஓட்டுகிறவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. எல்லா இடத்துக்கும் ஒரே விதி இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் சலுகை கொடுங்கள், பெற்றோர் பக்கத்தில் இருந்தால்.

சாப்பாடு விநியோக நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இறங்கித் தள்ள ஆகும் நேரத்தை அவர்கள் தங்கள் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். இது இல்லாமல் முதல் இரண்டையும் செய்தால் பாவம் அந்தப் பையன்கள்தான் அபராதம் கட்டுவார்கள்.

அப்புறம் அந்தத் தாள். 'கீழே விழுந்தார்' என்ற தாள். மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் விழுந்து வரும் முதியவர்களிடம், சைக்கிளோ வேறு வண்டியோ காரணமா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு கட்டம், ஒரு டிக். "தாக் அப்பா" என்று மன்னித்து அனுப்புகிறவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. உங்கள் மேசைக்கு வரும் எண்ணிக்கையை வைத்து நடைபாதைகள் பாதுகாப்பாக இருக்கின்றன என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று மூன்று மாதத்துக்குள் பொதுவில் சொல்லுங்கள். எனக்குத் தனியாக நன்றிக் கடிதம் வேண்டாம், ஒன்று இருக்கிறது.

அதற்கு முன்னால் உங்களில் ஒருவராவது ஒரு வேலைநாள் மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் நிறுத்தத்துக்கு வந்து என்னோடு அரைமணி நேரம் உட்காருங்கள். பிறகு சந்தைப் பாதையில் இரண்டு பேரும் அருகருகே நடந்து பார்ப்போம். அளவு நாடா கொண்டுவர வேண்டாம், என் பையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
பிடோக், சிங்கப்பூர்